கறுத்தால் நிறுத்தவும்

சாதாரணப் பெயின்ற் செய்கிறவன் தன் நிறம் மாறிவிடக் கூடாதென்று கும்பிடுகிறான். நிறம் மாறுகிற பூச்சுச் செய்கிற நாங்கள் அது மாறவேண்டுமென்று கும்பிடுகிறோம். இரண்டு பேருக்கும் கேட்டது கிடைப்பதில்லை.

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இருந்த ஒரு சிறு பூச்சுத் தொழிற்சாலையில் நான் இரசாயனவியலாளராக இருந்தேன். வள்ளங்களுக்கும் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகுகளுக்கும் பெயின்ற் செய்து விற்பது தொழிற்சாலையின் பிழைப்பு. சூட்டுக்கும் ஈரத்துக்கும் நிறம் மாறுகிற பல்பகுதியப் பூச்சுகளை ஆராய்வது என் வேலை. பல்பகுதியம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சின்னச் சின்ன மூலக்கூறுகள் சங்கிலி போலக் கோத்துக்கொண்டு உண்டாகிற பொருள் அது. பிசினும் பிளாஸ்டிக்கும் அந்த வகைதான். எனக்கென்று கடலைப் பார்த்த ஒரு அறை, பூச்சுக் காயவைக்கிற ஒரு மின்னடுப்பு, உதவிக்கு மரியதாஸ் அண்ணை, தலைக்கு மேலே மனேஜர் அருளானந்தம். ஆய்வுகூடத்தில் காலம் கழித்த வாசகர்களே, நீங்களும் என்னைப் போல எத்தனையோ தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். உங்களோடுதான் இந்தக் கதை.

விடியக் கறுத்த வள்ளம்

வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான். ஒரு காலை தொழிற்சாலை வாசலில் பெரிய சத்தம். போய்ப் பார்த்தால் சம்மாட்டி அந்தோனிப்பிள்ளை நிற்கிறார், கையில் துடுப்பு, பின்னால் ஒரு கூட்டம். சொந்த வள்ளமும் வலையும் வைத்து ஆட்களை நடத்துகிறவரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். முதல் நாள்தான் எங்களிடம் வெள்ளைப் பெயின்ற் வாங்கி வள்ளத்துக்கு அடித்திருந்தார். அடுத்த நாள் கோயில் திருநாள். பாதிரியார், எங்கள் பேச்சில் சுவாமி, வந்து வள்ளத்தை ஆசீர்வதிக்க இருந்தார். விடிந்து பார்த்தால் வள்ளம் கறுப்பு. "செய்வினை, மிஸ். என்ரை மச்சான்தான் செய்விச்சவன். உங்கட பெயின்றிலை பிழை இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் போய் அவன்ரை மண்டையைப் பிளக்கிறன்" என்றார். பெயின்றில் பிழை இல்லை என்றால் ஒரு மனிதனின் மண்டை போகும்; பிழை என்றால் என் வேலை போகும்.

ஓட்டமும் நடையுமாகக் கரைக்குப் போனோம். வள்ளம் கட்டியிருந்த மூலையில், காற்று விழுந்துபோன அந்த நாட்களில் கடற்பாசி ஒதுங்கி அழுகிக் கிடந்தது. கூழ்முட்டை மணம் மூக்கைப் பிய்த்தது. அந்த மணத்தில்தான் எனக்கு உயிர் வந்தது. எங்கள் வெள்ளையில் ஈயம் இருந்தது. அழுகுகிற பாசியிலிருந்து எழும்புகிற கந்தக வாயு ஈயத்தைத் தொட்டால் கறுக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன்; ஒரு முழு வள்ளம் கறுத்து நிற்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

மரியதாஸ் அண்ணையை டிஸ்பென்சரிக்கு ஓடவிட்டு, புண் கழுவுகிற பரவொட்சைட்டு மருந்தை இருந்த மட்டும் வாங்குவித்தேன். கந்தகம் பட்டுக் கறுத்த ஈயத்தை அது திரும்ப வெளுக்கவைக்கும். பஞ்சில் நனைத்து வள்ளத்தின் மூக்கில் ஒரு தேய். நுரைத்தது. நுரையை வழித்தால் கீழே பால் போல வெள்ளை. மச்சான்காரனும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயேதான் இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார். அவர் வந்து ஒரு பஞ்சை எடுத்து மற்றப் பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார். சம்மாட்டி துடுப்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "செய்வினை எடுக்கிறவங்கள் கோழி கேப்பாங்கள், தேசிக்காய் கேப்பாங்கள். நீங்கள் பஞ்சாலை துடைச்சே எடுத்துப்போட்டியள், மிஸ்!"

மாதாவின் ரோசாப்பூ

என் முதல் சொந்தச் சரக்கு ஈரம் காட்டுகிற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அதற்குள் கோபாற்று உப்புச் சேர்த்திருந்தேன். காற்று உலர்ந்திருந்தால் நாடா நீலம், ஈரமென்றால் இளஞ்சிவப்பு. சீமெந்துக் களஞ்சியங்களுக்கு உதவும் என்று நினைத்தேன். கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதங்களில் என் நாடாக்கள் அத்தனையும் நல்ல நீலம். வெட்டி எறிந்த துண்டுகளை மரியதாஸ் அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோக, அவருடைய மனைவி அவற்றைச் சுருட்டி அழகழகான ரோசாப்பூக்கள் செய்து, கடற்கரைச் சிற்றாலயத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்திருக்கிறா. மாதாவின் சேலையும் நீலம், பூவும் நீலம். எனக்கு இது ஒன்றும் தெரியாது.

திருநாளுக்கு முதல் நாள் நினையாப்பிரகாரமாக மழை கொட்டியது. மறுநாள் காலை மரியதாஸ் அண்ணை முகம் வெளிறி என் வீட்டு வாசலில் நிற்கிறார். "மிஸ், பூ சிவந்துபோச்சு. சனம் முழங்காலிலை நிக்குது." சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். கோயில் முற்றம் முழுக்க ஆட்கள். பெண்கள் அழுதுகொண்டு செபமாலை சொல்லுகிறார்கள். ஏலாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தகப்பன் சுரூபத்தை நோக்கி நெருக்கிக்கொண்டு போகிறார். என் கழிவுத் துண்டை நம்பி ஒருவர் ஆசுப்பத்திரிக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிறார்.

சுவாமியின் அறைக்குள் போய், கோபாற்றிலிருந்து கச்சான் வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். அவர் அமைதியாகக் கேட்டார். முதலில் ஆள் அனுப்பி அந்தத் தகப்பனையும் பிள்ளையையும் தன் காரிலேயே ஆசுப்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சலாம். நல்லகாலம், நேரத்துக்குப் போய்விட்டது. பிறகு அங்கியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பூசை முடிஞ்ச கையோடை உண்மையை நானே சனத்துக்குச் சொல்லுறன், பிள்ளை. ஆனால் இவ்வளவு சனத்தை இந்தக் கோயிலுக்குள்ளை நான் ஒருநாளும் கண்டதில்லை. என்ரை பிரசங்கம் முடியுமட்டும் வெயில் எறிக்காமல் பாரும்!"

பெண் பார்க்க வந்த நாள்

அடுத்து, சூட்டுக்கு நிறம் மாறுகிற பொடிகளில் இறங்கினேன். அதில் ஒன்றுக்கு வெள்ளி நைத்திரேற்று வேண்டும். அதைக் கையாண்டவர்களுக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதே விளங்கியிருக்கும். விரலில் பட்ட நேரம் தண்ணீர் மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. வெளிச்சம் படப் படக் கறுக்கும். ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்ல சுத்தம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் சாம்பல்தீவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தவராசா, பள்ளிக்கூட வாத்தியார். கூட அவருடைய பெரியம்மாவும் இன்னும் சிலரும். உள்ளே புழுக்கமென்று அம்மா கதிரைகளை முற்றத்து வெளிச்சத்தில் போட்டுவிட்டா.

தேத்தண்ணித் தட்டை நீட்டினேன். பெரியம்மாவின் கண் என் முகத்தில் இல்லை, விரலில். நானும் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மண்ணிறம். பலகாரம் பரிமாறும்போது அது கரும்பழுப்பு. பேச்சு சாதகத்துக்கு வரும்போது விரல் நுனிகள் கரி. முகத்தைத் தொட்டிருப்பேன் போல, கன்னத்திலும் ஒரு கோடு. "என்ன இது, பிள்ளை பாத்துக்கொண்டிருக்கக் கறுக்குது!" என்று பெரியம்மா எழும்பியேவிட்டா. அம்மா அழத் தயாராக நின்றா. தவராசா மட்டும் கதிரையை முன்னுக்கு இழுத்து, "இது வெள்ளி நைத்திரேற்றோ?" என்றார். ஓம் என்றேன். "அழியுமோ?" என்றார். தோல் உரிய ஒரு கிழமையில், ஏழு நாளில், போய்விடும் என்றேன். அவர் பெரியம்மாவைக் கைத்தாங்கலாக வாசல் படலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைக்க, திரும்பி நின்று சொன்னார்: "அப்ப நான் ஒரு கிழமை கழிச்சு வாறன். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வரேல்லை."

பூசைப் பொட்டு

சொன்னபடி வந்தார், கலியாணமும் நடந்தது. அந்த வருஷம் ஆயுத பூசைக்குத் தொழிற்சாலை முழுக்க மாவிலைத் தோரணம். களஞ்சியக் கிளார்க் கனகம்மா அக்காதான் எல்லாவற்றையும் தலைமேல் போட்டுக்கொண்டு செய்தா. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஆட்களுக்கும் வைத்து, கடைசியாக என் ஆய்வுகூடத்துக்கு வந்தா. கற்பூரம் காட்டிக் கும்பிட்டுக்கொண்டு நின்றபோது மின்னடுப்பின் கதவைப் பார்த்தேன். அதில் வைத்த பொட்டு கறுப்பு. மேசையில் வைத்த பொட்டு சிவப்பு. பூச்சு ஒன்று காய்ந்துகொண்டிருந்ததால் அடுப்புச் சூடாக இருந்தது. சூட்டுக்குக் கறுக்கிற குங்குமம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அதைச் செய்தது நான். போத்தல்கள் அடுக்கிய என் ராக்கையைத் திரும்பிப் பார்த்தேன். போத்தல் திறந்து கிடந்தது.

"அக்கா, குங்குமம் எங்கை எடுத்தனீங்கள்?" "முடிஞ்சுபோச்சு, பிள்ளை. உன்ரை ராக்கையிலை நல்ல சிவப்பாய் ஒரு போத்தில் கிடந்தது, அதிலை எடுத்தனான்." அந்தப் பொடி செம்பும் பாதரசமும் அயடீனும் சேர்ந்தது. இரசம் தோலுக்குள் இறங்கினால் என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுற்றி நிற்கிற அத்தனை நெற்றியிலும் அது. "எல்லாரும் பொட்டை அழியுங்கோ! இப்பவே! கையை வாயிலை வைக்காதேங்கோ!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. கனகம்மா அக்காவின் முகம் மாறிவிட்டது. "நல்லநாளும் அதுவுமாய்ச் சுமங்கலியின்ரை பொட்டை அழிக்கச் சொல்லுறியோ நீ? என்ரை மனுசன் கடலிலை நிக்கிறார்." பேசி விளங்கப்படுத்த நேரமில்லை. நான் முதலில் என் பொட்டை அழித்தேன், எல்லோரும் பார்க்க. கலியாணமாகி மூன்று மாதம் ஆகாத என் பொட்டை. பிறகுதான் அவ மெதுவாகத் தலையைக் குனிந்து தந்தா. நானே கழுவினேன். மரியதாஸ் அண்ணை சவர்க்கார வாளியோடு மற்றவர்களை வரிசைப்படுத்தினார்.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு நெற்றியில் கொஞ்ச நாள் கடி, சொறி. துடைத்த பஞ்சையெல்லாம் போத்தலில் அடைத்து மூடினேன். கனகம்மா அக்காவுக்கு வெளியே கடையில் புதுக் குங்குமம் வாங்கி என் கையாலேயே வைத்துவிட்டேன். அவவின் கணவர் பின்னேரம் கரைக்கு வந்து சேருமட்டும் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. ராக்கைக்குப் பூட்டுப் போட வந்த மனேஜர், தன் சிவந்துபோன நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நான் மாதா கோயில் வேதக்காரன், மிஸ். என்ரை சீவியத்திலை முதன்முதல் வைச்ச பொட்டு இது. இதுவே கடைசியாய் இருக்கட்டும்."

அழுகிப்போன கடதாசி

மனேஜருக்கு இரசத்தில் பயம் பிடித்துவிட்டதால், இனி நஞ்சில்லாத ஏதாவது செய்யும்படி சொன்னார். மீன் பழுதாகும்போது ஒரு காரவாயு எழும்பும். அது பட்டால் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு மாறுகிற சாயத்தை ஒரு பிளாஸ்டிக் படலத்தில் ஊட்டினேன். மீன் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு துண்டை ஒட்டினால் போதும். மஞ்சள் என்றால் வாங்கலாம், நீலம் என்றால் வேண்டாம். ஆய்வுகூடத்தில் சொன்னபடி கேட்டது. மனேஜர் சந்தோஷப்பட்டு, துறைமுகப் பெரியவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு என்னை மீன் சந்தைக்கு அழைத்துப்போனார்.

சம்மாட்டி அந்தோனிப்பிள்ளை தன் பெட்டியைப் பெருமையோடு முன்னுக்குத் தள்ளிவிட்டார். "எங்கட மிஸ், எங்கட வள்ளத்தையே வெளுப்பிச்சவ. என்ரை மீனிலை ஒட்டுங்கோ!" ஒட்டி மூடினோம். ஆட்கள் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், கடல் நீலம். அவ்வளவு நீலம் ஆய்வுகூடத்தில்கூட வந்ததில்லை. ஐஸ் கிடைக்காத கிழமை அது. மேலே புது மீனும் அடியில் முந்தின நாள் மீனும் கிடந்தது பிறகுதான் தெரிந்தது. ஆனால் எனக்கு அந்த நேரம் தலை சுற்றியதற்குக் காரணம் வேறு. காலையில் என் வீட்டுக்கு மீன் வாங்கியது அதே பெட்டியில். அது இப்போது குழம்பாகி, பள்ளிக்கூடம் விட்டு வந்த தவராசாவின் சோற்றுக் கோப்பையில் இருக்கும்.

சந்தையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டு முடித்து, கை மணந்து பார்த்து, நல்ல குழம்பு என்றார். அன்று முழுக்க அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறம் மாறவில்லை. அடுத்த நாள் சந்தைக்குப் போனால், நான் ஒட்டிய துண்டு சம்மாட்டியின் கடைத் தூணில் ஆணி அடித்துத் தொங்குகிறது. அவர் அதைச் சுட்டிக்காட்டி வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மீன் நல்லாத்தான் கிடந்தது. மிஸ்ஸின்ரை கடதாசிதான் அழுகிப்போச்சு!"

மூதூர் லோஞ்ச்

திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கு லோஞ்ச் ஓடும். வாத்திமார், வியாபாரிகள், ஆசுப்பத்திரிக்கு வந்து திரும்புகிறவர்கள், கோழி, அரிசி மூட்டை எல்லாம் ஒன்றாக ஏறும். அதில் ஒரு லோஞ்ச் முதலாளி, இஞ்சின் பெயரிங் சூடேறி எரிந்துபோவதாக எங்களிடம் வந்து முறைப்பட்டார். சுழலுகிற தண்டைத் தாங்குகிற இடம் அது. எண்ணெய் வற்றினால் நெருப்பாகச் சுடும். என் சூட்டுப் பொடியை நல்ல உறுதியான பிசினுக்குள் அடைத்து, ஒருவர் கையிலும் ஒட்டாதபடி பூச்சாக்கி, பெயரிங்கின் மேல் உள்ளங்கை அளவுக்கு வட்டமாக அடித்துக்கொடுத்தேன். சிவப்பாக இருந்தால் ஓடலாம். கறுத்தால் நிறுத்தவேண்டும். ஆறினால் திரும்பச் சிவக்கும். இஞ்சின் டிறைவர் சிவபாதத்துக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, பக்கத்துப் பலகையில் "கறுத்தால் நிறுத்தவும்" என்று எழுதியும் வைத்தேன். சிவபாதம் நல்ல மனிசன், இஞ்சினைப் பிள்ளை மாதிரித் துடைத்து வைத்திருப்பவர். "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டினார்.

சில மாதங்கள் போய் ஒரு கலியாண வீட்டுக்கு நானும் தவராசாவும் அந்த லோஞ்சில் ஏறினோம். லோஞ்ச் நிறைய ஆட்கள். நடுக் குடாவில் எனக்கு எண்ணெய் கருகுகிற மணம் அடித்தது. எட்டிப் பார்த்தேன். பெயரிங்கில் என் வட்டம் நல்ல சிவப்பாக இருந்தது. அப்பாடா என்று இருந்துவிட்டேன். ஆனால் மணம் கூடியது. இஞ்சின் பக்கம் இறங்கிப் போய்க் குனிந்தேன். முகத்தில் அனல் அடித்தது. அந்தச் சிவப்புக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. என் பூச்சுக் கொப்பளிக்காது! பக்கத்தில் கிடந்த ஸ்பானரால் ஒரு சுரண்டுச் சுரண்டினேன். பளபளத்த சிவப்புத் தோலாக உரிந்து விழுந்தது. கீழே என் பூச்சு, அட்டைக்கரி. எவ்வளவு நேரமாகக் கறுத்து நின்றதோ, அதை ஒருவரும் காணாதபடி மேலே வேறு சிவப்பு. பெயரிங்குக்குக் கீழே கிடந்த எண்ணெய்த் துணியிலிருந்து அப்போதுதான் புகை கிளம்பியது. "நிப்பாட்டுங்கோ! இஞ்சினை நிப்பாட்டுங்கோ!" சிவபாதம் திகைத்து நின்றார். தவராசா அவரைத் தள்ளிக்கொண்டு வந்து அரிசிச் சாக்கொன்றைக் கடலில் தோய்த்துத் துணியின் மேல் போட்டார். பிறகுதான் சிவபாதத்துக்கு உணர்வு வந்து இஞ்சினை நிறுத்தினார்.

இஞ்சின் நின்றதும் சனம் குழம்பிவிட்டது. எல்லோரும் ஒரு பக்கம் எழும்ப லோஞ்ச் சரிந்தது. பிள்ளைகள் கத்த, தவராசா வகுப்பறைக் குரலில் "இருங்கோ! எல்லாரும் இருந்த இடத்திலை இருங்கோ!" என்று அதட்டினார். இருந்தார்கள். காற்று எங்களைக் குடாவின் வாய்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் திறந்த கடல். மூதூர்க் காக்காமார், எங்கள் பேச்சில் முஸ்லிம் அண்ணைமார், இரண்டு பேர் வலை போட்டுக்கொண்டு நின்ற வள்ளத்தைத் திருப்பி வந்து கயிறு எறிந்தார்கள். இல்லாவிட்டால் இந்தக் கதையை எழுத நான் இல்லை. கரையில் கால் வைத்ததும் மணலிலேயே இருந்துகொண்டு, "ஏன் சிவபாதம், ஏன் அதுக்கு மேலை பெயின்ற் அடிச்சனீங்கள்?" என்று கேட்டேன். அவர் அழுதுகொண்டே சொன்னார்: "அது கறுக்கேக்கையெல்லாம் சனம் பயந்து ஏறமாட்டன் எண்டுதுகள், மிஸ். அதுதான் எப்பவும் சிவப்பாய் நிக்கிற மாதிரி நல்ல பெயின்றாய்ப் பாத்து அடிச்சனான்."

முதலாளியின் ஓடர்

சிவபாதத்தை வேலையால் நிறுத்தப் போவதாக முதலாளி நின்றார். வேண்டாம், இனி அந்த லோஞ்சில் அவரைவிடக் கவனமான டிறைவர் கிடைக்கமாட்டார் என்று நானும் தவராசாவும் போய்ச் சொன்னோம். அப்படியே நடந்தது. அதன் பிறகு லோஞ்ச் வெளிக்கிட முந்தியே சிவபாதம் ஏறியவர்களையெல்லாம் இஞ்சின் பக்கம் கூப்பிட்டு, "இந்தச் சிவப்பைப் பாத்துக்கொள்ளுங்கோ. கறுத்தால் எனக்குச் சொல்லுங்கோ" என்பார். பாதிச் சனம் கடலைப் பார்க்காமல் மூதூர் மட்டும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு வரும். ஒருமுறை யாரோ ஒருவரின் குடை நிழல் அதில் விழ, ஒரு கிழவர் "கறுத்துப்போச்சு!" என்று கத்தி, லோஞ்சே கலங்கிவிட்டதாம்.

சில கிழமை கழித்து முதலாளி எங்கள் தொழிற்சாலைக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது. தன்னுடைய எல்லா லோஞ்சுகளுக்கும் அந்தப் பூச்சு வேண்டுமென்று ஓடர் கொடுத்தார். மனேஜர் கதிரையை இழுத்துப் போட்டார், மரியதாஸ் அண்ணை தேத்தண்ணிக்கு ஓடினார். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷ உழைப்பை ஒருவர் விளங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். முதலாளி தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஒரு சின்ன உதவி, மிஸ். சூடேறினால் கறுப்பாய் மாறாமல் நல்ல பச்சையாய் மாறச் செய்ய ஏலாதோ? பச்சை எண்டால் சனத்துக்குப் பயம் வராது பாருங்கோ."

நிறம் மாறுகிற பிசினை நான் ஒருவழியாகக் காய்ச்சி எடுத்துவிட்டேன். அது மாறும்போது அதை நம்புகிற மனிசரைக் காய்ச்சி எடுக்கத்தான் எந்த ஆய்வுகூடத்திலும் இன்னும் அடுப்பு இல்லை.